எம் டிரைவ் அக்காவுக்கு இருந்தது, எனக்கு இல்லை

மண்டபத்தில் நண்டும் இறாலும் எடுக்கிற ஒரு கொள்முதல் கம்பெனிக்கு நான்தான் கணினி பார்த்துக் கொடுக்கிறேன். வீடு ராமநாதபுரத்தில். பஸ்ஸில் போய் வந்தாலே அரை நாள் போய்விடும், அதனால் முடிந்த வேலையை விபிஎன் (அலுவலக நெட்வொர்க்கோடு இணையம் வழியே சேர்க்கும் பாதுகாப்பான இணைப்பு) வழியாக வீட்டிலிருந்தே செய்வேன். எடைக்கூடத்தில் மூன்று கணினிகள். எடைச்சீட்டு போடும் மென்பொருள் அலுவலக சர்வரில் ஒரு ஷேர் ஃபோல்டரில் இருக்கிறது, அதைத்தான் மூன்றிலும் ‘எம்’ என்ற டிரைவ் எழுத்தில் திறக்கும்படி எம் டிரைவாக மேப் செய்து வைத்திருந்தோம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகு எதுவும் போகாது, எடைக்கூடம் அமைதியாக இருக்கும், அப்போதுதான் மென்பொருளின் புதுப் பதிப்பை ஏற்றினேன். தடை முடிந்து முதல் படகு திரும்பிவிட்டால் ஐஸ் கரைவதற்குள் எடை போட்டாக வேண்டும், சம்மாட்டிகள் (படகு உரிமையாளர்கள்) சீட்டுக்காக நின்றுகொண்டிருப்பார்கள், அந்த நேரத்தில் கணினி மக்கர் செய்தால் அது அவர்கள் காசு. அதனால் ஜூன் 12 ராத்திரியே மூன்று கணினியிலும் மென்பொருளை வீட்டிலிருந்து திறந்து சோதித்துவிடலாம் என்று பிஎஸ்எக்செக்கில் (தூரத்துக் கணினியில் கட்டளையை ஓட்டும் மைக்ரோசாஃப்ட் கருவி) எம் டிரைவின் பாதையைக் கொடுத்தேன். அந்தப் பாதையே இல்லை என்று பிழை வந்தது.

கணக்கு பார்க்கும் அக்காவுக்குப் போன் போட்டேன். “தம்பி, இங்க டபுள் கிளிக் பண்ணா உடனே திறக்குதே, நீங்க அங்கேருந்து போட்டா மட்டும் ஏன் திறக்கல?” என்று கேட்டார். விடை அந்தக் கேள்விக்குள்ளேயே இருந்தது, எனக்குத்தான் அன்றைக்குப் பிடிபடவில்லை.

இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவது விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் ‘எனேபிள் லிங்க்ட் கனெக்‌ஷன்ஸ்’ என்ற மதிப்பை 1 ஆக்கு என்பதுதான். ஒரு ராத்திரி முழுக்க அதில் போனது. அது வேறு நோய்க்கான மருந்து. ஒரே ஆள் சாதாரணமாகவும் ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்தும் நிரலைத் திறக்கும்போது விண்டோஸ் அவருக்கு இரண்டு தனித்தனி செஷன் (லாகின் அமர்வு) வைத்திருக்கிறது, ஒன்றில் மேப் செய்த டிரைவ் மற்றதில் தெரியாது, அந்த இரண்டையும் இணைக்கத்தான் அந்த மதிப்பு. வெளியிலிருந்து வருகிற கட்டளைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

மறுநாள் காலை மேப் செய்த டிரைவ்களைப் பட்டியலிடும் ‘நெட் யூஸ்’ கட்டளையை அக்காவை அடிக்கச் சொன்னேன், எம் டிரைவ் பட்டியலில் வந்தது. அதே கட்டளையை அதே கணினிக்கு நான் பிஎஸ்எக்செக் வழியாக அனுப்பினேன், பட்டியல் காலி. அப்போதுதான் புரிந்தது. டிரைவ் எழுத்து கணினிக்குச் சொந்தமில்லை, லாகின் செய்தவரின் செஷனுக்குத்தான் சொந்தம். நான் அனுப்பும் கட்டளை புது செஷனில் ஓடுகிறது, அக்காவின் பயனர் பெயரையே கொடுத்தாலும் அது புது செஷன்தான். ஷெட்யூல்டு டாஸ்க்கை யாரும் லாகின் செய்யாத நேரத்தில் ஓட விட்டாலும் இதே கதைதான்.

சரி என்று எழுத்தை விட்டுவிட்டு சர்வர் பெயர், ஷேர் பெயர் எல்லாம் சேர்த்து முழுப் பாதையைக் கொடுத்தேன். இப்போது ‘ஆக்சஸ் டினைட்’. பயனர் பெயர் கொடுக்காமல் அனுப்பினால் அந்தக் கணினியில் என் பெயரில்தான் ஓடும், ஆனால் அங்கிருந்து இன்னொரு சர்வருக்குப் போக என் கடவுச்சொல் அதனிடம் இல்லை. பயனர் பெயரைச் சொல்லும் ஹைபன் யு போட்டு, சர்வரிலும் அதே பெயரில் அதே கடவுச்சொல்லோடு இருந்த கணக்கைக் கொடுத்ததும் வழி விட்டது. கடவுச்சொல்லை பேட்ச் ஃபைலில் (கட்டளைகளை வரிசையாக எழுதி வைக்கும் கோப்பு) எழுதி வைக்காதீர்கள், கடவுச்சொல்லுக்கான ஹைபன் பி-யை விட்டுவிட்டால் அதுவே கேட்கும். ஹைபன் எஸ் போட்டால் விண்டோஸின் சொந்தக் கணக்கான சிஸ்டம் கணக்கில் ஓடும். எங்கள் மாதிரி டொமைன் (எல்லாக் கணினிக்கும் கணக்குகளை ஒரே இடத்தில் வைக்கும் ஏற்பாடு) இல்லாத இடத்தில் ஷேர் அதற்குத் திறக்காது.

இதற்கப்புறமும் நிரல் ஓடுவதாக டாஸ்க் மேனேஜர் சொன்னது, அக்காவின் திரையில் ஒன்றுமில்லை. ஹைபன் ஐ கொடுக்காவிட்டால் அது யார் கண்ணுக்கும் தெரியாத செஷனில் ஓடிக்கொண்டிருக்கும். அதைச் சேர்த்ததும் திரை வந்தது, ஆனால் செட்டிங்ஸ் ஃபைலைக் காணோம் என்றது. நிரல் அதைத் தான் நிற்கும் ஃபோல்டரில்தான் தேடும், கமாண்ட் பிராம்ப்ட்டோ நெட்வொர்க் பாதையில் போய் நிற்காது. பேட்ச் ஃபைலில் ‘புஷ்டி’ என்று போட்டு ஷேரின் பாதையைக் கொடுத்தால் அது தற்காலிகமாக ஒரு டிரைவ் எழுத்தை உண்டாக்கி அதற்குள் போய் நிற்கும், வேலை முடிந்ததும் ‘பாப்டி’ அதை எடுத்துவிடும். அப்படி எழுதிய பேட்ச் ஃபைலை மூன்று கணினியிலும் சி டிரைவில் வைத்தேன், இப்போது அதைத்தான் அழைக்கிறேன்.

ஜூன் 13 மாலைக்குள் மூன்றும் வீட்டிலிருந்தே திறந்தன. அக்கா பத்துக் கிலோ படிக்கல்லைத் தராசில் வைத்து ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு அடித்துப் பார்த்துவிட்டு, மூன்றையும் போட்டோ எடுத்து அனுப்பினார்.