ஆள் பார்க்க ஓடுவது

பிப்ரவரி 3, திங்கள்

தெருவில் ஓடக் கூச்சம் கூச்சம் என்று மொத்தமாகச் சொல்லிக்கொண்டிருக்காமல், எதற்கெல்லாம் கூச்சம் என்று இன்று உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். வயிறு குலுங்கும். மூச்சு இரைக்கிற சத்தம் பக்கத்தில் போகிறவருக்குக் கேட்கும். முதுகெல்லாம் வேர்வை தெரியும். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது. மெதுவாக ஓடினால் ‘இதுக்கு நடந்தே போயிடலாமே’ என்று நினைப்பார்கள், வேகமாக ஓடினால் பாதியில் நிற்க வேண்டி வரும், நிற்பதையும் பார்ப்பார்கள்.

எழுதி முடித்துப் படித்தால் கடைசியில் இருப்பதுதான் அதிகமாகக் குத்துகிறது. உடம்பு பெருத்திருக்கிறது என்பது ஊரறிந்த விஷயம், நடக்கும்போதும் இதே உடம்புதான் கூட வருகிறது. ஓட ஆரம்பித்து, முடியாமல் நிற்பதை இன்னொரு ஆள் பார்ப்பது வேறு.

டாக்டர் தாராளமாக ஓடலாம் என்று சொல்லிவிட்டார். நாளை இருட்டோடு போய்ப் பார்க்கலாம்.

பிப்ரவரி 4, செவ்வாய்

யாரும் பார்க்காத நேரம் என்று ஒன்று கிடையாது. விடிவதற்கு முன்பே நடைப்பயிற்சி ஆட்கள் இருக்கிறார்கள், இரவு வேலை முடித்து வருகிறவர்கள் இருக்கிறார்கள், மாடியில் காரணமே இல்லாமல் நின்றுகொண்டு தெருவைப் பார்க்கிறவர் ஒருவர் இருக்கிறார்.

கருப்பு பேன்ட், கருப்பு டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு போனேன். கருப்பில் வேர்வை தெரியாது, சாம்பல் நிறம்தான் காட்டிக்கொடுக்கும். ஆனால் எதிரே பைக்கில் வந்தவருக்கும் நான் தெரியவில்லை. கடைசி நொடியில் வண்டியை ஒடித்துத் திருப்பி, ஒரு முறை முறைத்துவிட்டுப் போனார், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இருட்டில் ஓடுகிறவர்கள் வெளிர் நிறத்தில் உடுத்த வேண்டும், வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை போட்டுக்கொள்ள வேண்டும், நடைபாதை இல்லாத இடத்தில் எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி ஓட வேண்டும். எல்லாம் தெரிந்ததுதான். ஆனால் என் கணக்குப்படி மனுஷங்க யாரும் என்னைப் பார்க்கக் கூடாது, வண்டி ஓட்டுகிறவர்கள் மட்டும் பார்த்தே ஆக வேண்டும். அப்படி ஒரு துணியை யாரும் இன்னும் நெய்யவில்லை. இனிமேல் விடிந்த பிறகுதான்.

பிப்ரவரி 7, வெள்ளி

பகலில் இருக்கிற பெரிய கண்டம் பஸ் ஸ்டாப். அங்கே நிற்பவர்களுக்குப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

இன்று அதைத் தாண்டும்போது உடம்பில் என்ன நடக்கிறது என்று கவனித்தேன். கொஞ்ச தூரம் இருக்கும்போதே வயிறு தானாக உள்ளே போகிறது. முதுகு நிமிர்கிறது. வாயை மூடிக்கொள்கிறேன், மூச்சு மூக்கு வழியாக மட்டும், இதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை என்பது போல முகத்தை வைத்துக்கொள்கிறேன். கால் வேகம் பிடிக்கிறது. தாண்டி, மூலை திரும்பி, அவர்கள் கண்ணில் படாத இடம் வந்ததும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தால், நெஞ்சு அடிக்கிற அடியில் காது இரண்டும் அடைத்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்து எதிரே ஒருவர் வர, ஷூ லேஸ் கட்டுகிற சாக்கில் உட்கார்ந்தேன். லேஸ் இரட்டை முடிச்சோடு கல்லு மாதிரி இருந்தது. அதை நகத்தால் நெம்பி அவிழ்த்து, நிதானமாக மறுபடி கட்டினேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு பொடியன், “அக்கா, யாரு துரத்துறாங்க?” என்று கேட்டான். கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். “யாரும் இல்லடா, சும்மா” என்றேன். அந்தப் பதில் அவனுக்குத் திருப்தியாக இல்லை, முகத்தில் தெரிந்தது.

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று ஓட்டம் இல்லை, வாசிப்பு மட்டும். பஸ் ஸ்டாப்பில் எனக்கு நடப்பது எனக்கு மட்டும் நடப்பது இல்லையாம். 1983-இல் வெளிவந்த ஓர் ஆய்வு: ஜாகிங் போகிறவர்கள் வழக்கமாக ஓடும் பாதையோரம் ஒரு பெண்ணை உட்கார வைத்தார்கள். சில சமயம் பாதைக்கு முதுகைக் காட்டியபடி, சில சமயம் வருகிறவர்களைப் பார்த்தபடி. அவள் பார்த்தபடி உட்கார்ந்திருந்தபோது ஓடியவர்கள் அந்த இடத்தில் வேகத்தைக் கூட்டினார்கள். இத்தனைக்கும் ஆய்வு நடப்பதே அவர்களுக்குத் தெரியாது.

அதற்கும் முன்னால் 1969-இல் ராபர்ட் ஸையன்ஸ் என்ற உளவியல் நிபுணர் கரப்பான் பூச்சிகளை ஓட விட்டிருக்கிறார். சுற்றிலும் வேறு கரப்பான் பூச்சிகள் பார்வையாளர்கள்! நேர்ப் பாதையில் ஓடியவை, கூட்டம் இருந்தபோது இன்னும் வேகமாக ஓடின. சிக்கலான பாதையில் போனவை கூட்டம் இருந்தபோது இன்னும் தடுமாறின. கைவந்த வேலை ஆள் பார்த்தால் சிறக்கும், கைவராத வேலை ஆள் பார்த்தால் கெடும் என்பது அவர் சொன்ன விளக்கம். புதிதாக ஓட வந்தவளுக்கு இரண்டும் சேர்ந்து நடக்கிறது என்று தோன்றுகிறது. காலுக்கு வேகம் வருகிறது, அந்த வேகத்துக்கு மூச்சு இன்னும் பழகவில்லை.

ஆக நான் சீக்கிரம் இரைத்து நிற்பதற்கே காரணம் அந்தக் கண்கள்தான் என்றால், இது ஒரு நச்சு வட்டம். பார்க்கிறார்கள் என்று வேகமாக ஓடுகிறேன், வேகமாக ஓடுவதால் நிற்கிறேன், நிற்பதைப் பார்ப்பார்களே என்று அடுத்த முறை இன்னும் கூசுகிறேன்.

பிப்ரவரி 13, வியாழன்

பேச்சுச் சோதனை செய்து பார்த்தேன். ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியம் மூச்சு முட்டாமல் சொல்ல முடிந்தால் அதுதான் ஆரம்ப நிலைக்குச் சரியான வேகம், இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு இழுத்தால் வேகம் அதிகம். யோசனை நல்லதுதான், ஆனால் தனியாகப் போகிறவள் வாய்விட்டுப் பேசிக்கொண்டு ஓடினால் கூச்சம் குறையுமா கூடுமா? காதில் இயர்போன் மாட்டிக்கொண்டேன். போனில் பேசுகிறாள் என்று நினைத்துக்கொள்ளட்டும். இல்லாத ஆளிடம் வீட்டு வேலைகளை எல்லாம் வரிசையாக ஒப்பித்தேன்.

வாக்கியம் உடையாத வேகத்தில் ஓடியபோது ஒரு நடைக்கார ஐயா என்னைத் தாண்டிப் போய்விட்டார். அவர் நடக்கிறார், நான் ஓடுகிறேன்! ஆனால் வழக்கமாக நின்றுவிடும் மரத்தையும் தாண்டி, அதற்கு அப்புறமும் நிறைய தூரம் போனேன். இரைக்கவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

மெதுவாக ஓடினால் எல்லாம் சரியாகும் என்று எழுதுவது சுலபம். பஸ் ஸ்டாப் முன்னால் மெதுவாக ஓடுவதற்கு இருக்கிற நெஞ்சுரம் தனி. கால் துடிக்கிறது, ‘கொஞ்சம் வேகம் போடு, தாண்டிட்டா போதும்’ என்கிறது. வாயைத் திறந்து மூச்சு விட்டேன், வயிற்றை அதன் போக்கில் விட்டேன், அதே வேகம். ஒரு அம்மா பார்த்தார். அப்புறம் பஸ் வரும் பக்கம் பார்த்தார். அவ்வளவுதான்.

இரவில் இன்னொரு ஆய்வு வாசித்தேன், 2000-இல் வந்தது, கார்னெல் பல்கலைக்கழகத்து ஆட்கள் செய்தது. பாடகர் பாரி மனிலோவின் படம் பெரிதாகப் போட்ட, போட்டுக்கொண்டு போகவே மாணவர்கள் கூசும் டீ-ஷர்ட் ஒன்றைப் போட வைத்து, பலர் இருக்கும் அறைக்குள் அனுப்பியிருக்கிறார்கள். போட்டவர்கள், கிட்டத்தட்ட பாதிப் பேர் சட்டையில் யார் என்று கவனித்திருப்பார்கள் என்றார்கள். கவனித்தவர்கள் கிட்டத்தட்ட கால்வாசிப் பேர்தான். இதில் எல்லோரும் ‘யாருமே பார்ப்பதில்லை’ என்ற பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு ஆறுதல் சொல்கிறார்கள். கால்வாசிப் பேர் பார்த்திருக்கிறார்களே! எனக்கு அந்தக் கால்வாசிதான் நம்பும்படி இருக்கிறது. பார்ப்பார்கள், நான் நினைக்கிற அளவுக்கு இல்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

நடுவில் நடப்பது பற்றி. 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் காலோவே என்ற அமெரிக்கர், ஓட்டத்துக்கு நடுவே நடப்பதை ஒரு முறையாகவே சொல்லிக் கொடுத்தவர். களைத்துப் போனதும் நடப்பது இல்லை, களைப்பதற்கு முன்பே, முதல் நிமிடங்களில் இருந்தே கணக்கு வைத்து நடப்பது.

என் விஷயத்தில் இது கால்களைவிட மூஞ்சிக்குத்தான் அதிகம் உதவியது. இரண்டு நிமிஷம் ஓட்டம், ஒரு நிமிஷம் நடை. கடிகாரம் அடித்ததும் நடக்கிறேன், எதிரே யார் வந்தாலும் சரி. முடியாமல் நிற்கிறேன் என்று நான் நினைக்காததால் தலை குனியவில்லை, லேஸைத் தேடவில்லை. எதிரே வந்தவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது.

மார்ச் 2, ஞாயிறு

உடை பற்றி யாரும் சொல்வதில்லை, நானே எழுதி வைக்கிறேன். பெண்களுக்குக் கூச்சத்தில் ஒரு பங்கு சரியான ஸ்போர்ட்ஸ் ப்ரா இல்லாததால் வருவது. இறுக்கமாகத் தாங்குகிற ஒன்றைப் போட்ட அன்று கை தானாகப் பழைய இடத்துக்கு வந்தது, அதுவரைக்கும் மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. தொடை உரசுகிற இடத்தில் வாசலின். சட்டையை நிமிஷத்துக்கு ஒரு தடவை கீழே இழுத்து விட வேண்டியிருந்தால் அந்தச் சட்டை வேண்டாம். சாவி பாக்கெட்டில் குலுங்கக் கூடாது. அந்தச் சத்தத்துக்குத்தான் ஆட்கள் திரும்புகிறார்கள், வயிற்றைப் பார்த்து இல்லை.

மார்ச் 8, சனி

இன்று ஒருவன் பைக்கை மெதுவாக்கி, பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டு வந்து ஏதோ சொல்லிவிட்டுப் போனான். இங்கே எழுதத் தகுந்தது இல்லை.

இதையும் கூச்சத்தோடு சேர்த்து ‘எல்லாம் உன் மனசுல இருக்கு’ என்று சொல்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. மனசில் இருப்பது வேறு, பைக்கில் வருவது வேறு. 1966-இல் பாபி கிப் என்ற பெண், அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தானில் பெண்களைச் சேர்க்க மாட்டோம் என்று சொன்னதால், தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில் புதரில் ஒளிந்திருந்து, ஆண்கள் கூட்டம் கிளம்பியதும் உள்ளே புகுந்து ஓடி முடித்தார். அடுத்த ஆண்டு கேத்ரின் ஸ்விட்சர் 261 என்ற எண்ணோடு ஓடியபோது, நடுவழியில் ஒரு போட்டி அதிகாரி அந்த எண்ணைப் பிடித்துக் கிழிக்கப் பார்த்தார். அந்தப் போட்டியில் பெண்களை முறைப்படி அனுமதித்ததே 1972-இல்தான். அவர்களுக்கு இருந்தது கற்பனைப் பயம் இல்லை.

நான் செய்தது: நின்றேன், போனை எடுத்து வண்டி எண்ணைப் பார்த்தேன், ஆள் நடமாட்டம் உள்ள பக்கம் திரும்பி ஓடினேன். ஆள் பார்க்கக் கூடாது என்று ஒதுங்கிப் போன அந்தச் சந்து வழி இனி வேண்டாம். பஸ் ஸ்டாப்பே மேல். அங்கே இருக்கிற கண்கள் இன்று எனக்குத் தேவைப்பட்டன.

மார்ச் 12, புதன்

என்னைத் தாண்டிப் போகிற நடைக்கார ஐயா இன்று, “என்னம்மா, ரெண்டு நாளா காணோம்?” என்றார். டீ-ஷர்ட் ஆய்வு இங்கே செல்லுபடியாகாது. மனுஷன் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

“ஜலதோஷம் ஐயா.”

“அதானே. இப்ப மெதுவா ஓடுறியே, அதான் சரி. முன்னாடியெல்லாம் ரொம்ப அவசரமா ஓடுவே, பாக்கவே பாவமா இருக்கும்.”

அப்படியானால் மூச்சே வாங்காதவள் போல முகத்தை வைத்துக்கொண்டு ஓடினேனே, அதுவும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. சிரிப்பு வந்துவிட்டது.

மார்ச் 16, ஞாயிறு

ஆபீஸில் கூட வேலை செய்கிறவரை சிக்னலில் பார்த்தேன், அதாவது அவர் என்னைப் பார்த்தார். வேர்வையில் முடி நெற்றியில் ஒட்டியிருக்க, கடிகாரம் அடித்து நான் நடந்துகொண்டிருந்த நேரம். “என்ன மேடம், எவ்வளவு வேகம்?” என்றார். கிலோமீட்டருக்கு ஒன்பது நிமிஷம், நடையும் சேர்த்து, என்றேன். குறைத்துச் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது, பொய் இல்லை. அவர் தன் முழங்கால் வலியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். என் ஒன்பது நிமிஷம் அவருக்குக் காதில் விழுந்ததா என்பதே சந்தேகம்.

மெதுவாக ஓடுவதைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கும்போது கிளிஃப் யங்கை விட்டுவிடக் கூடாது. ஆஸ்திரேலியாவில் உருளைக்கிழங்கு பயிரிட்ட விவசாயி. 1983-இல் 61 வயதில் சிட்னியில் இருந்து மெல்போர்ன் வரை 875 கிலோமீட்டர் போட்டியில், காலை இழுத்து இழுத்து வைக்கிற ஓர் ஓட்டத்தில், மற்றவர்கள் தூங்கிய நேரத்திலும் போய்க்கொண்டே இருந்து முதலாவதாக வந்தார். அந்த ஓட்டம் பார்க்க அழகாக இருக்காது.

இன்னும் ஒன்று மட்டும் எனக்கு வரவில்லை. சொந்த வீட்டு வாசலில் இருந்தே ஓட ஆரம்பிப்பது. பஸ் ஸ்டாப்பில் யாரென்று தெரியாத கண்கள், எங்கள் தெருவில் எல்லாம் பெயர் தெரிந்த கண்கள். தெரு முனை வரை நடந்துதான் போகிறேன், அங்கே போய்த்தான் கடிகாரத்தை அழுத்துகிறேன். எப்படியும் தொடங்குவதற்கு முன் ஐந்து நிமிஷம் நடக்க வேண்டும் என்று சொல்கிறார்கள், அந்தக் கணக்கில் எழுதிக்கொள்கிறேன். செவ்வாய்க்கிழமை இரண்டு நிமிஷத்தை மூன்றாக்கிப் பார்க்க வேண்டும்.