கோல்கீப்பர் கால்

பள்ளி மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று பழைய மாணவர் சங்கச் செயலாளர் மூன்று முறை போன் செய்துவிட்டார். தலைமையாசிரியர்களைப் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள். நான் ஒரு வீடியோ கேசட்டைப் பற்றி எழுதுகிறேன்.

1994, ஆடி மாதம். ஆரல்வாய்மொழிக் கணவாயில் நுழைந்த காற்று நாகர்கோவில் வரை வந்து நம் செம்மண் கூடைப்பந்து கோர்ட்டைப் புரட்டிக்கொண்டிருந்தது. ரிங்கைப் பார்த்துப் போட்ட பந்து புளியமரத்துப் பக்கம் போகும். அப்படி ஒரு சனிக்கிழமை, பி.டி. சார் டெக் வாடகைக்கு எடுத்து எங்களைத் தன் வீட்டில் உட்காரவைத்தார். சீனியர் ஒருவரின் அண்ணன் மஸ்கட்டில் டிவியிலிருந்து பதிவுசெய்து கொடுத்தனுப்பிய கேசட் அது. ஹூஸ்டன் ராக்கெட்ஸுக்கும் நியூயார்க் நிக்ஸுக்கும் நடந்த, அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம்.

அன்றுதான் ஹூஸ்டனின் ஹகீம் ஒலாஜுவானை முதன்முதலில் பார்த்தோம். ஏழடி மனிதர், ரிங்குக்கு முதுகைக் காட்டிப் பந்தை வாங்குவார். ஒரு தோள் லேசாக அசையும். தடுப்பவன் அந்தப் பக்கம் எகிறுவான். அதற்குள் இவர் மறுபக்கம் சுழன்று, அவன் கைக்கு அடியில் நுழைந்து பந்தைப் போட்டிருப்பார். சார் ரிமோட்டைக் கீழே வைக்கவேயில்லை. அதே இடம், திரும்பத் திரும்ப.

"லேய் மக்கா, பந்தைப் பாக்காதிய, காலைப் பாருங்க. இவன் கோலியா நின்னவனாக்கும்."

ஊகம்தான். ஆனால் சாருக்கு அந்தக் கால் பழக்கம். போன வருஷம்தான் கால்பந்து மைதானத்தில் கோல்கீப்பராக நின்ற ஒருவனைக் காதைப் பிடிக்காத குறையாகக் கூட்டிவந்து எங்கள் அணியில் சேர்த்திருந்தார். குளச்சல் கடற்கரை மணலில் விளையாடி வளர்ந்தவன். இடலாக்குடியில் மாமா வீட்டில் தங்கிப் படித்தான். எங்களுக்கு அவன் 'கொளச்சல்'. பெயர் சொன்னால் வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஒலாஜுவான் நைஜீரியாவின் லாகோஸில் கால்பந்திலும் ஹேண்ட்பாலிலும் கோல் காத்தவர், கூடைப்பந்தைத் தொட்டதே 15 வயதில்தான் என்று பல வருஷம் கழித்துப் படித்தபோது எனக்குச் சார் முகம்தான் ஞாபகம் வந்தது.

ஆட்டத்தின் கடைசி நொடி. ஹூஸ்டன் 86, நியூயார்க் 84. ஜான் ஸ்டார்க்ஸ் மூன்று புள்ளிக்கு எறிகிறார். விழுந்தால் கோப்பை நியூயார்க்குக்கு. ஒலாஜுவான் ஓடிவந்து விரல் நுனியால் தட்டிவிடுகிறார். கொளச்சல் எழுந்து நின்றே விட்டான். மூன்று நாள் கழித்து ஏழாவது ஆட்டத்தையும் வென்று ஹூஸ்டன் கோப்பையைத் தூக்கியது. சீசனின் சிறந்த வீரர், சிறந்த தடுப்பாளர், இறுதித் தொடரின் சிறந்த வீரர் மூன்றும் அவருக்கே. ஒரே சீசனில் இந்த மூன்றையும் வாங்கியவர் வேறு யாரும் இல்லை.

மற்றதெல்லாம் புத்தகத்தில் இருக்கும்: 1984இல் என்பிஏ அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது முதல் ஆள் இவர், மைக்கேல் ஜோர்டான் மூன்றாவது, எதிராளி எறிந்த பந்தைத் தட்டிவிடும் 'பிளாக்' 3,830, இன்றும் சாதனை, 1995இல் மறுபடி கோப்பை, கடைசி சீசன் டொராண்டோவில், 2002இல் ஓய்வு. அப்புறம் பின்னால் வந்த நட்சத்திரங்கள் கோபி பிரயண்ட், லெப்ரான் ஜேம்ஸ் எல்லாம் இவரிடம் போய்க் கால்வைப்பு பழகியிருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது இன்னொன்று. பெரிய வீரர்களின் பெயரில் ஷூ நூறு டாலருக்கு மேல் விற்ற காலத்தில், ஏழை வீட்டுப் பிள்ளைகளும் வாங்கட்டும் என்று இவர் பெயரில் வந்த ஷூ ஏறக்குறைய 35 டாலர்தான். நாங்கள் கிழிந்த கேன்வாஸில் ஆடியவர்கள், அதனால் சொல்கிறேன்.

1995 பிப்ரவரியில் நோன்பு. கொளச்சல் மாலைப் பயிற்சிக்குத் தண்ணீர்கூட இல்லாமல் வருவான். நாங்கள் அவன் கண்ணில் படாமல் குழாயடிக்குப் போவோம். பாங்கு சொன்னதும் ஓடுவான். மறுநாள் எங்களுக்கும் தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி வரும். அதே பிப்ரவரியில் ஒலாஜுவானும் ஆட்ட நாளிலும் நோன்பிருந்து, அந்த மாதத்தின் சிறந்த வீரராகத் தேர்வானார். அது அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது. கொளச்சலிடம் போன ரமலானில்தான் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "சாருட்ட சொன்னியாடே?" என்றான்.

கேசட்டை அந்த வருஷமே திருப்பிக் கொடுத்துவிட்டோம். மஸ்கட் அண்ணன் இன்றும் சங்கக் கூட்டத்தில் என்னைப் பிடித்துக் கேட்கிறார். முழு ஆட்டமும் நன்றாக ஓடுகிறதாம். அந்தக் கால் சுழலும் இடம் வந்தால் மட்டும் திரை முழுக்கக் கோடு கோடாக மழையாம்.