ஈறுகளில் ரத்தம் வந்தால் கேட்க வேண்டியது ஆழம்

பல் துலக்கும்போது ரத்தம் வந்தால் நம் பக்கத்தில் பலரும் அந்த இடத்தில் பிரஷ் போடுவதையே நிறுத்திவிடுகிறார்கள். தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஈறு ஓரத்தில் அழுக்குப் படலம் தங்கி, ஈறு வீங்கியிருப்பதால்தான் ரத்தம் வருகிறது. துலக்காமல் விட்டால் படலம் கனக்கும். உமிழ்நீரில் இருக்கும் சுண்ணாம்புச்சத்து ஏறி சில நாளிலேயே காரையாக இறுகும். கீழ் முன்பற்களின் உட்புறத்திலும், மேல் கடைவாய்ப் பற்களின் கன்னப் பக்கத்திலும் அது சீக்கிரம் கட்டும். உமிழ்நீர் வந்து விழும் இடங்கள் அவை.

பல் மருத்துவரிடம் மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்று இருக்கும். அதைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே இறக்கி, ஒரு பல்லுக்கு 6 இடத்தில் அளப்பார். 1 முதல் 3 மி.மீ. வரை இறங்கினால் சரி. 4 அல்லது அதற்கு மேல் என்றால் அங்கே ஈறு பல்லை விட்டு விலகிப் பை விழுந்திருக்கிறது. அவராகச் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்: "எந்தப் பல்லில் எத்தனை மில்லிமீட்டர், டாக்டர்? எக்ஸ்ரேயில் பல்லைத் தாங்கும் எலும்பு எவ்வளவு கரைந்திருக்கிறது?" என்ன சிகிச்சை என்பதை இந்த இரண்டும்தான் முடிவு செய்யும்.

எலும்பு கரையாமல் ஈறு மட்டும் வீங்கியிருந்தால் காரையை எடுக்கும் ஸ்கேலிங் போதும், ஈறு பழைய நிலைக்கே திரும்பும். "கிளீன் பண்ணினால் பல் ஆடும், சந்து விழும்" என்ற பயம் ஊரெல்லாம் இருக்கிறது. அந்தச் சந்து ஏற்கெனவே இருந்தது. காரை அதை அடைத்துக்கொண்டு நின்றது. அளவுக்கு மேல் சேர்ந்த காரை, ஆடும் பல்லைப் பக்கத்துப் பல்லோடு சேர்த்துப் பிடித்தும் வைத்திருக்கும். எடுத்ததும் உண்மை வெளியே தெரிகிறது. சில நாள் கூச்சம் இருக்கும், தானாக அடங்கும்.

பை 4, 5 மி.மீ. என்றால் மேலோட்டமாகச் சுத்தம் செய்து பயனில்லை. மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்குள்ளே வேர் வரை சுரண்ட வேண்டும். உள்ளே இருக்கும் காரை வெளியே இருப்பது போல மஞ்சளாக இருக்காது. ரத்தக் கசிவின் நிறம் ஏறிக் கறுத்து, வேரோடு அழுத்தமாக ஒட்டிய செதிலாக இருக்கும். கருவியின் விளிம்பு அதன்மேல் போகும்போது கையில் சொரசொரப்பு தட்டும், அது வழவழப்பாகும் வரை எடுப்பார்கள். வாயை இரண்டாகவோ நான்காகவோ பிரித்து, சில தடவையாகச் செய்வது வழக்கம். 6 முதல் 12 வாரம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். பலர் இந்த மறு அளவுக்குப் போவதே இல்லை. பை மூடியதா இல்லையா என்று வேறு எப்படித் தெரியும்?

அப்போதும் 6 மி.மீ. அல்லது அதற்கு மேல் நின்றால் ஈறு அறுவை சிகிச்சை. ஈறை விலக்கி, கண்ணால் பார்த்தே வேரைச் சுத்தம் செய்து தையல் போடுவார்கள். 7 முதல் 10 நாளில் தையல் பிரிக்கலாம். கரைந்த எலும்புக்கு ஈடாக எலும்புத் தூள் வைப்பது எல்லோருக்கும் பலிக்காது. பல்லோரம் குழிபோல் கரைந்திருந்தால் பிடிக்கும். வரிசை முழுக்கச் சமமாக இறங்கியிருந்தால் நிற்காது. வீக்கம் வற்றியபின் பல் நீளமாகத் தெரியும், முன்பே தெரிந்திருந்தால் மனசு கலங்காது.

மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டு மட்டும் இது தீராது. தூர் வாராத வாய்க்காலில் தண்ணீர் விட்ட கதைதான். கிருமியைக் கொல்லும் வாய்க்கொப்பளிப்பு மருந்தான 0.2 சதவீத குளோர்ஹெக்சிடின் 10 மி.லி. எடுத்து, ஒரு நிமிடம், காலை இரவு கொப்பளிக்கலாம். பேஸ்ட் போட்டுத் துலக்கி அரை மணி நேரம் கழித்துத்தான். பேஸ்டின் நுரைப்பொருள் மருந்தின் வேகத்தைக் குறைக்கும். மருத்துவர் சொல்லாமல் இரண்டு வாரத்தைத் தாண்ட வேண்டாம், பல்லில் கறை ஏறும், ருசியும் மாறும்.

சாப்பாட்டுக்குப் பின் வெற்றிலை சீவல் போடும் ஊர் இது. அதோடு புகையிலையும் சேர்ந்தால் ஆபத்து கூடுகிறது. புகை பிடிப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல்: ரத்தக் கசிவு குறைவாகத் தெரியும். "எனக்கு ரத்தமே வரலையே" என்பவர் வாயில் 7 மி.மீ. பை இருக்கலாம். உமிக்கரி, செங்கல்பொடி இரண்டும் பல்லைத் தேய்த்து ஈறை இறக்குமே தவிர, பைக்குள் போகாது. ஆலும் வேலும் பல்லுக்குறுதிதான், ஆனால் வேப்பங்குச்சியும் ஈறுக்கு மேலேதான் வேலை செய்யும்.

சர்க்கரை நோயாளிகள், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை முடிவைக் கையோடு கொண்டுபோக வேண்டும். சர்க்கரை ஏறினால் ஈறு ஆறாது. ஈறு புண்ணாக இருந்தால் சர்க்கரையும் எளிதில் இறங்காது. ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுபவர்கள் சிலருக்கு ஈறு சதை வளர்ந்து பல்லை மூடும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக்கொடுத்தவரிடம் மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள்.

செலவை நினைத்துத் தள்ளிப்போடுபவர்கள் சிதம்பரம் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம், முன்பு ராஜா முத்தையா பெயரில் இருந்ததுதான். ஈறு நோய்க்கென்றே தனிப் பிரிவு உண்டு. நேரம் பிடிக்கும், அரை நாள் ஒதுக்கிக்கொண்டு போங்கள்.

சிகிச்சை முடிந்தபின் 3 மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்துகொள்வது நல்லது. வீட்டில் மென்மையான பிரஷ்ஷை ஈறு ஓரத்தில் 45 டிகிரி சாய்த்து, சின்னச் சின்னதாக அசையுங்கள். பல் சந்துக்குச் சின்ன பாட்டில் பிரஷ் போன்ற பல்லிடை பிரஷ் கிடைக்கிறது. லேசாக உரசி உள்ளே போகும் அளவு சரி. கம்பி பல்லில் இடித்தால் ஒரு அளவு சிறியதாக வாங்குங்கள். முதல் ஒரு வாரம் அதிலும் ரத்தம் வரும். நிறுத்தாதீர்கள்.