வேட்டி தினத்துக்கு வேட்டி எடுக்கும் முன்

ஜனவரி 6 நெருங்கினால் அலுவலகங்களில் வேட்டி தினச் சுற்றறிக்கை வந்துவிடுகிறது. காலையில் எல்லோரும் வேட்டி, பதினொரு மணிக்குக் குழுப்படம். மதியம் வெளிநாட்டு வாடிக்கையாளரோடு வீடியோ கூட்டம் இருந்தால் அதற்குள் பேண்ட்டுக்கு மாறிவிட வேண்டும். பல இடங்களில் நடைமுறை இதுதான். அந்த மதிய மாற்றம்தான் மனதை உறுத்துகிறது. விழாவுக்கு வேட்டி, வேலைக்குப் பேண்ட் என்று பிரித்துவிட்டால் கட்டிப் பழகும் வாய்ப்பே வராது. பழகாதவர் கட்டிய வேட்டி மேடையில் நழுவுகிறது. நழுவியதைப் பார்த்தவர்கள், இதெல்லாம் இந்தக் காலத்துக்கு ஒத்துவராது என்கிறார்கள்.

இந்தியாவுக்குச் சட்டப்படி அறிவிக்கப்பட்ட தேசிய உடை எதுவும் கிடையாது. ஆனாலும் 1931-இல் காந்தி பக்கிங்ஹாம் அரண்மனைக்குப் போய் அரசர் ஐந்தாம் ஜார்ஜைச் சந்தித்தது, பத்து ஆண்டுக்கு முன் மதுரை மேலமாசி வீதியில் அவர் ஏற்ற அதே அரை வேட்டியோடுதான். 2014 ஜூலையில், சேப்பாக்கத்தில் உள்ள ஒரு கிளப்பில் நடந்த நூல் வெளியீட்டுக்கு வேட்டி கட்டிப்போன உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனை உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே தமிழ்நாடு சட்டமன்றம் வேட்டிக்கான இத்தகைய தடையை நீக்கச் சட்டம் இயற்றியது. மீறினால் உரிமம் ரத்து, ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். 2019 அக்டோபரில் மாமல்லபுரத்தில் பிரதமர் மோடி வேட்டியோடு சீன அதிபர் ஷி ஜின்பிங்கை வரவேற்றார். அதே ஆண்டு டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் பொருளாதார அறிஞர் அபிஜித் பானர்ஜி வங்காளப் பாணியில் வேட்டி கட்டி நோபல் பரிசு வாங்கினார். அந்த மேடையின் உடை விதி பின்பக்கம் வால்போல் நீண்ட கோட்டு உடையையும் ஏற்கும், அவரவர் நாட்டு உடையையும் ஏற்கும். வெளிநாட்டார் முன் வேட்டி கட்டினால் மதிப்புக் குறையும் என்ற பயத்துக்கு இதற்கு மேல் பதில் தேவையில்லை. கட்டுவதைச் சரியாகக் கட்ட வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் அளவு. முழம் என்பது ஏறக்குறைய 45 சென்டிமீட்டர். நாலு முழம் 1.8 மீட்டர், எட்டு முழம் 3.6 மீட்டர். அலுவலகத்துக்கு எட்டு முழமே நல்லது. அதன் நீளத்தைப் பாதியாக மடித்து இரட்டையாகக் கட்டுவதால் வெயிலில் நின்றாலும் கால் நிழலாடாது. நாலு முழத்தில் மெல்லிய நூலாக இருந்தால் உள்ளே போட்டிருப்பது தெரியும். இடுப்பு 40 அங்குலத்தைத் தாண்டியவர்கள் 2 மீட்டர் அல்லது 4 மீட்டர் என்று கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் முன்பக்கம் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் பகுதி குறைந்து, எட்டி நடக்கும்போது விலகும். அகலம் பொதுவாக 1.25 மீட்டரை ஒட்டியே வரும். ஆறடி உயரக்காரருக்கு அதில் மேலே சுருட்டத் துணி போதாது. அவர்கள் அகலம் கூடியதைத் தேட வேண்டும்.

நூல் எண் கூடக்கூட இழை மெலியும். 40 தடிமன், 80, 100 எல்லாம் சன்னம். முதன்முதலாகக் கட்டுபவருக்கு 40 அல்லது 60 போதும், சன்ன நூலைவிடப் பிடிமானம் அதிகம். பருத்தியா என்று சந்தேகம் இருந்தால் ஓரத்து நூல் ஒன்றை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். அலுவலகத்துக்கு மொத்தமாக எடுப்பவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். தள்ளுபடியில் கிடைக்கும் கலப்பு வேட்டி பளபளக்கும், கசங்காது, இடுப்பில் நிற்காது. கைத்தறிதான் வேண்டும் என்றால் கைத்தறி முத்திரைச் சீட்டு இருக்கிறதா பாருங்கள், கூட்டுறவுச் சங்கத்தில் நவம்பரிலேயே சொல்லி வையுங்கள். தறியில் கிடப்பதை டிசம்பர் கடைசி வாரத்தில் கேட்டால் யாராலும் தர முடியாது. மரபைக் கொண்டாடுகிறோம் என்று சொல்லிவிட்டு நெசவாளிக்கு ஒரு முழம்கூட ஆர்டர் போகாத விழாவை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

புது வேட்டியைப் பிரித்த உடனே கட்டாதீர்கள். ஆலையில் ஏற்றிய பசை மொடமொடவென்று இருப்பதால் சுருட்டிய மடிப்பு விரிந்துகொண்டே வரும். ஓர் இரவு பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து அலசிக் காயவைத்தால் துணி பணிந்துவிடும். சாயக்கரை என்றால் ஊறப்போடக் கூடாது. ஒரு கைப்பிடி உப்புக் கரைத்த தண்ணீரில் தனியாக முக்கி எடுத்து உடனே உதறிப் போடுங்கள். ஈரத்தோடு மடித்து வைத்தால் கரையின் சிவப்பு வெள்ளையில் இறங்கிவிடும்.

கட்டும்போது கால்களைத் தோள் அகலத்துக்கு விரித்து நில்லுங்கள். காலை ஒட்டி வைத்துக் கட்டிய வேட்டியில் படியேற முடியாது. துணியை முதுகுப்பக்கம் கொண்டுபோய் இரு முனைகளையும் முன்னால் பிடியுங்கள். எட்டு முழமானால் இரண்டு அடுக்கின் கீழ்க்கரையும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்கரை எட்டிப் பார்க்கும். மேல்விளிம்பு இடுப்பெலும்புக்குச் சற்று மேலே, தொப்புளுக்குக் கீழே வரட்டும். ஒரு முனையை இறுக்கி இழுத்து எதிர் இடுப்பில் செருகுங்கள். வேட்டியைத் தாங்குவது இந்த உள்முனைதான், அவிழ்வதில் பெரும்பாலானவை இது தளர்ந்ததால் வருபவை. அடுத்த முனையை அதன்மேல் கொண்டுவந்து மறுபக்கம் செருகி, மேல்விளிம்பை வெளிப்பக்கமாக இரண்டு சுற்றுச் சுருட்டுங்கள். கீழ்க்கரை கணுக்காலை மூடி, தரையைத் தொடாமல் நிற்க வேண்டும். ஒரு பக்கம் தாழ்ந்தால் கீழே பிடித்து இழுக்காதீர்கள், அவிழ்த்துத் திரும்பக் கட்டுங்கள்.

சட்டையை வெளியே விட வேண்டும். சட்டை நுனி இடுப்புக்கும் வேட்டிக்கும் நடுவே மாட்டினால் வழுக்கும். உள்ளே நைலான் கால்சட்டை போட்டாலும் அதே கதி, பருத்தி போடுங்கள். அகலப் பச்சை பெல்ட் பணம், போன் வைக்கவும் ஆகும், ஆனால் அது மடிப்பின்மேல் உட்கார வேண்டும். வெல்க்ரோ வேட்டியைக் குறை சொல்ல மாட்டேன், பயப்படுபவருக்கு முதல் நாள் அது துணை. பஞ்சு அடைந்தால் ஒட்டாது என்பதால் பழைய பல்துலக்கியால் அவ்வப்போது தேய்த்துவிடுங்கள்.

கஞ்சிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி ஜவ்வரிசி மாவைக் கட்டியில்லாமல் கரைத்துக் காய்ச்சி வடிகட்டினால் ஒரு எட்டு முழத்துக்குப் போதும். அதற்கு மேல் போனால் மடித்த இடத்தில் இழை ஒடியும். நீலம் போடுவதானால் கரைசலை வடிகட்டி ஊற்றுங்கள், துகள் கிடந்தால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். முக்கால் காய்ச்சலில் எடுத்து இஸ்திரி போடுங்கள். கஞ்சி போட்டதை மாதக்கணக்கில் பெட்டியில் வைத்தால் பூச்சி அரிக்கும். பொங்கல் முடிந்து உள்ளே வைப்பவர்கள் அலசிவிட்டு வையுங்கள்.

வேட்டியோடு வேலை செய்யும் நாளில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து உள்முனையை இழுத்து இறுக்கிக்கொள்ளுங்கள், சாப்பிட்ட பிறகு கட்டாயம். படியேறும்போது முன்கரையை இடக்கையால் நாலு விரற்கடை தூக்குங்கள். நகரும் படிக்கட்டிலும் இருசக்கர வண்டியிலும் முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டுங்கள், தழைய விட்டால் கரை சிக்கும். கூட்ட அறைக்குள் நுழையும் முன் இறக்கிவிட்டால் போதும், மதியக் கூட்டத்துக்கும் அதே வேட்டியோடு உட்காரலாம்.