பயோட்டின் படுத்திய பாடு

ஹாஷிமோட்டோ (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்குகிற வியாதி) இருக்கிறவர்கள் யாராவது, உணவையும் சத்து மாத்திரைகளையும் வைத்து வியாதியின் மூலத்தையே சரிசெய்கிறோம் என்கிற ஃபங்ஷனல் மெடிசின் பக்கம் போகலாமா என்று யோசித்தால், போக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அங்கே கொடுக்கிற டப்பாக்களைத் திருப்பி, முடிக்கு என்று கொடுக்கிற பயோட்டின் வைட்டமின் எவ்வளவு இருக்கிறது என்று முதலில் பாருங்கள். நான் பார்க்கவில்லை. மூன்று மாதம் வீணாகப் போனது.

ஆறு வருஷமாக தைராய்டு ஹார்மோன் மாத்திரை, தைராக்ஸின் 75 மைக்ரோகிராம். டிஎஸ்எச் (தைராய்டு ஹார்மோன் குறைந்தால் ஏறும், கூடினால் இறங்கும்) நார்மல்தான், ஆனாலும் முடி கொத்துக் கொத்தாக வரும், மத்தியானம் மூன்று மணிக்கு மேல் கண்ணைத் திறக்க முடியாது. வழக்கமான டாக்டரிடம் சொன்னால் "ரிப்போர்ட் நல்லா இருக்கேம்மா" என்பதோடு சரி. அதனால்தான் ஏற்காட்டிலிருந்து இறங்கி சேலத்தில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். தூக்கம், வயிறு, பிரசவம், மாமியார் வரைக்கும் ஒரு மணி நேரம் பொறுமையாகக் கேட்டார்கள். பாதி வியாதி அங்கேயே போன மாதிரி இருந்தது, பொய் சொல்லவில்லை.

எந்தெந்த உணவுக்கு ரத்தத்தில் ஐஜிஜி என்ற எதிர்ப்பொருள் இருக்கிறது என்று பார்க்கிற ஐஜிஜி உணவு டெஸ்ட் ஒன்று எடுத்தார்கள். நான் தினமும் சாப்பிடுகிறதெல்லாம் சிவப்பில் வந்தது. வராமல் என்ன செய்யும், சாப்பிட்டுப் பழகிய பொருளுக்கு ஐஜிஜி வருவது சகஜம், அது ஒவ்வாமைக்கு அடையாளம் இல்லை என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. கோதுமை, அரிசி, பால், முட்டை, பருப்பு, தக்காளி, கத்தரி, மிளகாய் அத்தனையும் கட். காபியும் கூடாதாம். வீட்டைச் சுற்றிக் காபிச் செடியை வைத்துக்கொண்டு! மரவள்ளிக்கிழங்குக்குத் தடை இல்லை, சேலம் ஜில்லாவில் பிறந்த புண்ணியம். கூடவே ஏழு டப்பா மாத்திரை, அதில் ஒன்று "முடிக்கு".

இரண்டு மாதம் கழித்து மறு டெஸ்ட். வெறும் வயிற்றில் முதல் பஸ், 20 கொண்டை ஊசி வளைவு, அஸ்தம்பட்டி வருவதற்குள் இரண்டு தடவை வாந்தி. டிஎஸ்எச் 0.05, ரொம்பக் குறைவு; ஃப்ரீ டி4, அதாவது ரத்தத்தில் இருக்கிற தைராய்டு ஹார்மோன், அதிகம். கிளினிக்கிலிருந்து போன்: "பாத்தீங்களா, தைராய்டு தானா வேலை செய்ய ஆரம்பிச்சிருச்சு, மாத்திரையப் பாதியாக்கிடுங்க." நானும் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லி, மாத்திரையை உடைத்துப் பாதி பாதியாகப் போட்டேன்.

நான்கே வாரம். முகம் வீங்கி, குளிர் தாங்காமல், மதியத்திலும் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தேன். பயந்துபோய் ஒரு எண்டோகிரைனாலஜிஸ்டிடம் (ஹார்மோன் டாக்டர்) போனேன். நாடி பார்த்தார், தோலைத் தொட்டுப் பார்த்தார். "ரிப்போர்ட் ஒண்ணு சொல்லுது, உங்க உடம்பு வேற சொல்லுதே. முடி கொட்டுதுன்னு ஏதாவது சாப்பிடறீங்களா?" பையிலிருந்து டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். பயோட்டின் 10 மில்லிகிராம். ஒரு நாளைக்கு உடம்புக்கு வேண்டியது 30 மைக்ரோகிராம்தானாம். சில லேப் கிட்டுகள் பயோட்டினை வைத்துத்தான் ஹார்மோனையே அளக்கின்றன, ரத்தத்தில் அது எக்கச்சக்கமாக இருந்தால் டிஎஸ்எச் பொய்யாகக் குறையும், டி4 பொய்யாக ஏறும். ஒரு வாரம் நிறுத்திவிட்டு எடுத்ததில் டிஎஸ்எச் 14.2, அதாவது ஹார்மோன் போதவே இல்லை. அன்றைக்கே பழைய டோஸுக்குத் திரும்பினேன்.

இன்னொரு கூத்தும் உண்டு. கிளினிக்கின் முதல் ரிப்போர்ட்டிலேயே, நான்காம் பக்கத்தில் ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது) வெறும் 9 என்று இருந்திருக்கிறது. முடி கொட்டினதுக்கும் அசதிக்கும் இதுவே போதுமே என்றார் டாக்டர். ஏழு டப்பாவில் ஒன்றில்கூட இரும்புச்சத்து இல்லை! இரும்பு குறைகிறதென்றால் சீலியாக் (கோதுமையில் உள்ள குளூட்டன் குடலைக் கெடுக்கிற வியாதி) இருக்கிறதா பார்க்க வேண்டும், ஹாஷிமோட்டோ இருந்தால் அதற்கும் வாய்ப்பு கூடுதல். ஆனால் நான்தான் கோதுமையை விட்டு மூன்று மாதம் ஆயிற்றே, இப்போது அதற்கான ரத்த டெஸ்ட்டான டிடிஜி எடுத்தால் வியாதி இருந்தாலும் இல்லை என்றே வரலாம். "ஆறு வாரம் தினமும் கோதுமை சாப்பிட்டுட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார். ஆகவே கோதுமையை விடுவதாக இருந்தால் அந்த டெஸ்ட்டை எடுத்துவிட்டு விடுங்கள், நான் தலைகீழாகச் செய்தேன்.

இப்போது நான்காவது வாரம், இரண்டு வேளை சப்பாத்தி. இரும்பு மாத்திரை சாயந்திரம், தைராக்ஸினுக்கும் அதற்கும் நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். காலையில் தைராக்ஸின் போட்டு ஒரு மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எங்கள் தோட்டத்துக் காபி ஒரு டம்ளர்.