முடக்குவாதமும் உடல் எடையும்

முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்னும் மூட்டு அழற்சி நோய்) இருப்பவர் கொஞ்சம் பருமனாகவும் இருந்துவிட்டால் போதும், "எடையைக் குறைங்க, வலி தானா போயிடும்" என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். முழங்கால் தாங்கும் பாரத்தை மட்டும் நினைத்துச் சொல்வது அது. ஆனால் இந்த நோய் பெரும்பாலும் விரல் மூட்டுகளைத்தானே முதலில் பிடிக்கிறது, அங்கே என்ன பாரம்?

விஷயம் கொழுப்புத் திசுவில் இருக்கிறது. அது சும்மா கிடப்பதில்லை. டிஎன்எஃப், இன்டர்லூகின்-6, லெப்டின் என்று அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரந்துகொண்டே இருக்கிறது, முடக்குவாதத்தில் மூட்டைப் படுத்துவதிலும் முதல் இரண்டுக்கும் பெரிய பங்கு உண்டு. அதனால்தான் பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) 30-ஐத் தாண்டியவர்களுக்கு நோய் முழுதாக அடங்கும் வாய்ப்பு குறைகிறது, டிஎன்எஃப்-ஐ முடக்கும் ஊசி மருந்துகளும் சற்று மந்தமாகவே வேலை செய்கின்றன.

இதில் ஒரு சிக்கல். நோயின் தீவிரத்தை அளக்கும் டாஸ்28 ஸ்கோரில் 28 மூட்டுகளின் வீக்கம், வலியோடு, இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இஎஸ்ஆர் அல்லது சிஆர்பி அளவும் சேரும். பருமன் மட்டுமே, குறிப்பாகப் பெண்களுக்கு, சிஆர்பியை ஏற்றிவிடக்கூடும். ஸ்கோர் கூடினால் மூட்டில் அழற்சி கூடிவிட்டது என்று உடனே முடிவுகட்ட முடியாது, மருந்தை மாற்றும் முன் அல்ட்ராசவுண்டில் பார்ப்பது நல்லது. இன்னொரு விநோதம்: பருமனானவர்களுக்கு எக்ஸ்ரேயில் மூட்டு எலும்பு அரிக்கப்பட்டிருப்பது குறைவாகத் தெரிவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. வலியும் முடியாமையும் என்னவோ அவர்களுக்குத்தான் அதிகம்!

ஸ்டீராய்டு பசியைக் கிளப்பும், வலி நடக்கவிடாது, அப்புறம் எடை ஏறாமல் என்ன செய்யும்? நோயாளியைத் திட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. முயற்சி செய்யாமலேயே எடை இறங்கினால் மட்டும் சந்தோஷப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.