மூன்று நியூசிலாந்துக்காரர்களும் என் முறுக்கு டின்களும்

போன சனிக்கிழமை எங்கள் பிளாக்கில் தண்ணீர் நின்று, ஒவ்வொரு மாடியிலிருந்தும் ஒரு தலை எட்டிப் பார்த்துக் கத்தியதே, அதற்குக் காரணம் நியூசிலாந்து. தொட்டி கழுவ வந்த ஆட்கள் அல்ல, தண்ணீர் வாரியமும் அல்ல. சத்தியமாக நியூசிலாந்துதான். அந்த நாட்டை இதற்கு முன் பால்மாவுப் பொட்டலத்திலும் சந்தையில் கிடைக்கும் உறைந்த ஆட்டிறைச்சியிலும் மட்டுமே எனக்குப் பழக்கம். இப்போது அங்கிருந்து மூன்று பேர் என் அடுக்களைக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

எங்கள் வீட்டுக்காரரை உங்களுக்குத் தெரியும். பணி ஓய்வுக்குப் பிறகு அவர் எடுத்த அவதாரங்களையும் தெரியும். மீன் தொட்டி வைத்தார். பிறகு போன்சாய். பிறகு வீடியோ பார்த்து மிக்சியைப் பழுது பார்த்தார். அந்த மிக்சி இன்னும் அட்டைப் பெட்டிக்குள் துண்டு துண்டாகக் கிடக்கிறது, அந்தக் கதை இப்போது வேண்டாம். பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் முழு உத்தியோக காலத்தையும் 'ஓகே', 'நாட் ஓகே' என்ற இரண்டே தீர்ப்புகளை வைத்து ஓட்டி, பாராட்டுப் பத்திரமும் வாங்கிக்கொண்டு வந்த மனிதர். அப்படிப்பட்டவருக்கு அறுபது தாண்டிய பிறகு உயர்தர ஆங்கிலச் சொல்வளம் இல்லாமல் சோறு இறங்கவில்லை.

எல்லாம் நாத்தனார் மகளின் நிச்சயதார்த்தத்தில் ஆரம்பித்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா வழக்கறிஞர். சாப்பாட்டு மேசையில் இவருக்குப் பக்கத்து நாற்காலி. பாயசம் வரும் வரைக்கும் அந்த மனிதர் ஆங்கிலத்தில் பொழிந்துகொண்டே இருந்தார், இவரும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில், "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று அவர் கேட்டுவிட்டார். இவர் கொஞ்சம் யோசித்து, "ஓகே" என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கார் ஓட்டினாரே தவிர, வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலையிலேயே பஸ் பிடித்து சௌராஸ்தா சந்தைக்குப் போய்விட்டார். கீழே ஊறுகாய், மாடியில் பழைய புத்தகம். ஊறுகாய் வாங்கி வருவார் என்று பார்த்தால், ஒரு கட்டு பழைய ரீடர்ஸ் டைஜஸ்ட் ஆங்கில மாத இதழ் வந்து இறங்கியது. அதில் சொல்வளம் பெருக்குவதற்கென்றே ஒரு பகுதி உண்டு, 1945-இல் ஆரம்பித்தது. ஒரு சொல்லைக் கொடுத்து, நான்கு பொருளைக் கொடுத்து, எது சரி என்று கேட்பார்கள். கடைசியில் மதிப்பெண்ணும் பட்டமும் அவர்களே தருவார்கள்.

இதில் ஒரு சிக்கல். புத்தகங்களின் முந்தைய சொந்தக்காரர் எல்லா விடையையும் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். நுணுக்கமான சின்னச் சின்ன டிக். பக்கத்தின் அடியில் இருபதுக்குப் பதினெட்டு, இருபதுக்குப் பத்தொன்பது என்று மதிப்பெண். ஒரு மாதம் மட்டும் பதினான்கு. அந்த எண்ணைச் சுற்றி இரண்டு தடவை அழுத்தி வட்டம் போட்டு, பக்கமே கிழிந்திருந்தது. எங்கள் வீட்டுக்காரர் அந்த டிக்குகளைக் கையால் மறைத்துக்கொண்டு எழுதிப் பார்த்தார். ஏழு. அதற்கு மறுநாள் ஆறு. யார் இந்தப் பென்சில்காரன், கான்வென்ட் வாத்தியாரா, கோர்ட்டு குமாஸ்தாவா, இதைத் தவிர வேறு வேலையே இல்லையா என்று இராச்சாப்பாட்டில் பேச்சு. முகம் தெரியாத மனிதர்மேல் இவ்வளவு காழ்ப்பு வைத்திருக்க முடியும் என்பதை நான் அப்போதுதான் பார்த்தேன். சம்பந்தி வீட்டாரைக்கூட இவர் இப்படித் திட்டியதில்லை.

கற்ற சொல்லை உடனே பயன்படுத்தினால்தான் மனத்தில் நிற்குமாம். பயன்படுத்துவதற்கு வீட்டில் ஆள் யார்? அத்தைக்குக் காது மந்தம். மிச்சம் நான். ஒரு நாள் சாம்பாரை வாயில் வைத்துவிட்டுக் கண்ணை மூடி, "இன்சிபிட்" என்றார். பெயரைக் கேட்டால் ஏதோ வாசனைத் தைலம் மாதிரி இருந்தது. பாராட்டு என்றெண்ணி இன்னும் இரண்டு கரண்டி ஊற்றினேன். இரவில் கோலாலம்பூரில் இருக்கும் பெரியவளைப் போனில் அழைத்து அர்த்தம் கேட்டேன். "அம்மா, முதலில் கையில் இருக்கும் கரண்டியைக் கீழே வையுங்கள், பிறகு சொல்கிறேன்" என்றாள். உப்புச் சப்பில்லாதது என்று அர்த்தமாம்.

சாம்பார் விவகாரத்தைத் தீர்த்து வைக்கத்தான் பெரியவள் குறுக்கே வந்தாள். வந்தவள் முதல் நியூசிலாந்துக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். ஆண் இல்லை, ஒரு அம்மாள்: ஏவரில் காக்ஸ்ஹெட். பல்கலைக்கழகப் பாடநூல்களில் திரும்பத் திரும்ப வரும் சொற்களைப் பொறுக்கி 570 சொற்குடும்பங்களாக (ஒரு சொல்லும் அதன் மாற்று வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) 2000-ஆம் ஆண்டில் பட்டியல் போட்டவர். பல்கலைக்கழகத்தில் சேர எழுதும் மூயெட் ஆங்கிலத் தேர்வுக்குப் பெரியவள் அதை வைத்துத்தான் படித்தாளாம். "அப்பா, யாரும் பேசாத சொல்லை எல்லாம் விடுங்கள், இதிலிருந்து ஆரம்பியுங்கள்" என்று அனுப்பி வைத்தாள். இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தைப் பார்த்தார். அனலைஸ். அப்ரோச். ஏரியா. முகம் சுருங்கிப்போய்விட்டது. "ஏரியாவா? ஆறாம் மாடிக் குழந்தைக்குக்கூடத் தெரியுமே ஏரியா!" என்றார். நிச்சயதார்த்தப் பந்தியில் அந்த வழக்கறிஞரிடம் போய் 'ஏரியா' என்று சொல்லவா இத்தனை பாடு?

இரண்டாமவர் பால் நேஷன், வெலிங்டன் பேராசிரியர். ஆங்கில நாவலோ செய்தித்தாளோ அகராதியைப் புரட்டாமல் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் வேண்டும் என்று 2006-இல் எழுதியவர். பெரியவள் இதை ஆறுதலாகத்தான் சொன்னாள்: அப்பா, ஏற்கெனவே பாதிக் கிணறு தாண்டியிருப்பீர்கள், அதிகம் படித்தால் மிச்சம் தானாக வரும் என்று. இவர் காதில் விழுந்தது ஒன்பதாயிரம் மட்டும். அன்றைக்கே அட்டை வெட்ட ஆரம்பித்தார்.

அட்டைக்குப் பெட்டி வேண்டும். செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மன் பத்திரிகையாளர் 1972-இல் ஒரு முறை சொல்லிவைத்துப் போயிருக்கிறார். ஐந்து பெட்டி. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்கு ஏறும். தப்பாகச் சொன்னால், எந்தப் பெட்டியில் இருந்தாலும் சரி, முதல் பெட்டிக்கே திரும்பி வந்துவிட வேண்டும். முதல் பெட்டியைத் தினமும் பார்க்க வேண்டும், கடைசிப் பெட்டியை எப்போதாவது. முறையில் நான் குற்றம் சொல்லமாட்டேன். பெட்டி எங்கிருந்து வந்தது என்பதுதான் என் கேள்வி. தீபாவளிக்கு முறுக்கு, அதிரசம், அச்சு முறுக்கு எல்லாம் போட்டு வைக்க நான் பொத்திப் பொத்திச் சேர்த்த பெரிய பிஸ்கட் டின்கள் நான்கும் போயின. ஐந்தாவதாக என் உளுத்தம்பருப்பு டின்னைத் தூக்கி, பருப்பைப் பிளாஸ்டிக் பையில் கொட்டி வைத்திருந்தார். இட்லிக்கு ஊறப்போடலாம் என்று மூடியைத் திறந்தால், உள்ளே 'எஃபெமரல்', 'யுபிக்விட்டஸ்', 'லொக்வேஷியஸ்'. மூன்றையும் ஊறப்போட்டிருக்க வேண்டும்.

"அதற்குள் எதற்குக் கையை விட்டாய்? அது ஐந்தாம் பெட்டி! அதில் இருப்பதெல்லாம் மனப்பாடம் ஆன சொல்" என்று என்மேலேயே பாய்ந்தார்.

மூன்றாமவர் இவருக்குக் குலதெய்வம். நைஜல் ரிச்சர்ட்ஸ். பிறந்தது நியூசிலாந்து, வாழ்வது நம் மலேசியாவில். எழுத்துக் கட்டைகளை அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் ஆட்டத்தில் உலகக் கோப்பையைப் பல முறை தட்டிக்கொண்டு போனவர். 2007-இல் மும்பையில் இறுதிச் சுற்றில் நம் கணேஷ் ஆசீர்வாதத்தைத் தோற்கடித்தவரும் இவர்தான், அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு. அதைவிடப் பெரிய கூத்து, பிரெஞ்சு பேசவே தெரியாமல் அகராதியை மட்டும் மனத்தில் ஏற்றிக்கொண்டு 2015-இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தையும் வாங்கிவிட்டார். 2024-இல் ஸ்பானிய மொழியிலும் அதே கதை. "பார், ஒரு மனிதன் நினைத்தால் முடியாதது இல்லை" என்று எங்கள் வீட்டுக்காரர் செய்தித்தாளை என் மூக்குக்கு நேரே நீட்டினார். நான் கவனித்தது வேறு. அந்த மனிதர் ஊரில் யாரிடமும் அதிகம் பேசுவதில்லையாம், பேட்டிக்கும் பிடி கொடுப்பதில்லையாம். அவ்வளவு சொல்லையும் தலைக்குள் வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறார் பாருங்கள், அதையல்லவா கற்றுக்கொள்ள வேண்டும்?

இந்த நேரம் பார்த்து எங்கள் குடியிருப்புக் குழுவுக்குச் செயலாளர் தேவைப்பட்டது. ஆண்டுக் கூட்டத்தில் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். இவர் ஒருவர் கூரையைப் பார்த்தார், மாட்டிக்கொண்டார்.

பழைய செயலாளர் நான்காம் மாடி மக்சிக்கின், அதாவது மலாய் அம்மாளின், கணவர். அவர் அறிவிப்பு மலாயில் இரண்டு வரி: என்றைக்குத் தண்ணீர் இல்லை, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை. லிஃப்ட் கதவு மூடுவதற்குள் படித்து முடித்துவிடலாம். இவர் வந்து மேல்தொட்டி கழுவப்போகிற செய்தியை ஆங்கிலத்தில் எழுதினார், ஒரு முழுப் பக்கம். முதல் பத்தி தூய்மைக்கும் மனித நாகரிகத்துக்கும் உள்ள தொடர்பு. இரண்டாம் பத்தியில் 'பொட்டபிள்' என்று குடிநீரைக் குறித்ததை 'போர்ட்டபிள்' என்று படித்த ஏழாம் மாடி அங்கிள், கையடக்கத் தண்ணீர்த் தொட்டி இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்று கீழே பாதுகாவலரிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போனார். மூன்றாம் பத்தியில் குழு உறுப்பினர்களின் பெருந்தன்மை. நாளும் நேரமும் நான்காம் பத்தியின் கடைசி வரியில். அந்த வரியின் மேலேயே, காகிதம் ஒட்டிய மறுநாள், யாரோ ஒரு வட்டி முதலையின் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போயிருந்தான். கடன் வேண்டுமா, ஒரு போன் நம்பர், அவ்வளவுதான். அந்த லிஃப்ட்டில் எல்லாருக்கும் புரிந்த ஒரே அறிவிப்பு அது.

சனிக்கிழமை. சனிக்கிழமை என்றால் இவருக்கு எண்ணெய் முழுக்கு. உலகம் புரண்டாலும் விடமாட்டார். உச்சியில் நல்லெண்ணெய் வைத்து அரை மணி நேரம் ஊறி, சீயக்காயைக் குழைத்துத் தலையில் அப்பிக்கொண்டு குழாயைத் திறந்தார். குழாய் கொர் என்று ஒரு சத்தம் போட்டது, இரண்டு சொட்டு விட்டது, நின்றுவிட்டது. உள்ளே சிறிது நேரம் பேச்சே இல்லை. பிறகு, "இன்றைக்கு என்ன தேதி?" என்று குரல் வந்தது.

அதற்குள் வெளியே ஆரம்பித்துவிட்டது. மக்சிக் துணி துவைக்கும் இயந்திரத்தில் பாதி நுரையோடு மாட்டிக்கொண்டிருந்தார். மேல்மாடியில் ஒரு பிள்ளை பல்பசையை வாயில் வைத்துக்கொண்டு அழுதது. போனில் குழுச் செய்திகள் கிண் கிண் என்று வந்து விழுந்தன. எல்லா மொழியிலும் கேள்வி ஒன்றே, தண்ணீர் எங்கே. எங்கள் அத்தை ஒருவர்தான் அமைதியாக, "மழை பெய்கிறதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இவர் இடுப்பில் துண்டு, தோளில் ஒரு துண்டு, கண்ணில் சீயக்காய், கையில் காலி வாளியோடு மாடி மாடியாக ஏறினார். கதவைத் திறந்தவர்கள் திட்டுவதற்குத்தான் திறந்தார்கள். ஒன்பதாம் மாடியில், சீனப் பாட்டி, நம் ஆ மா வீட்டில் மட்டும் வாளி, அண்டா, சோற்றுப் பானை, பேரனின் பழைய குளியல் தொட்டி, எல்லாவற்றிலும் தண்ணீர் நிரம்பித் தளும்பிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்தவன் அந்தப் பேரன், நான்காம் படிவம் படிக்கிறவன். லிஃப்ட்டுக்குள் போன் வேலை செய்யாததால், ஸ்டிக்கர் ஒட்டப்படும் முன்பே பள்ளிக்கூடம் போய் வரும்போது முழுவதையும் படித்திருக்கிறான். எண்ணெய் வழிய நின்ற செயலாளரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அங்கிள், 'இம்மினன்ட்' எழுத்துப் பிழை. நீங்கள் எழுதியிருந்தது 'எமினன்ட்'" என்றானாம். 'விரைவில் நடக்கப்போகிற' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'மேன்மைமிக்க' என்று விழுந்திருக்கிறது.

இரண்டு வாளித் தண்ணீரோடு இவர் இறங்கி வந்தபோது, ஊரே திட்டியதற்கு முகம் தொங்கியிருக்கும், ஒரு காப்பி போட்டுக் கொடுப்போம் என்று நினைத்தேன். வாசலில் நின்றபடி, சீயக்காய் காய்ந்து தாடியில் ஒட்டியிருக்க, "கடைசி வரி வரைக்கும் படித்திருக்கிறான்" என்றார். நிச்சயதார்த்தத்திலிருந்து அந்த முகத்தில் நான் பார்க்காத சிரிப்பு அது. குளித்துவிட்டு வந்து அதையே இன்னொரு தடவை சொன்னார்.

இப்போது அந்தப் பையன் மாலையில் எங்கள் வீட்டில்தான். பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். ஆங்கிலத்துக்கு உதவும் என்று ஆ மாவுக்கும் சந்தோஷம். நடுவில் ஐந்து டின்னையும் பரப்பிவைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் கேட்கிறார்கள். தப்பாகச் சொன்னவர் அட்டையைத் தூக்கி முதல் டின்னில் போடும்போது மற்றவர் கைதட்டுகிறார். பென்சில்காரரின் மதிப்பெண்ணைப் பையன் ஒரு மாதத்து இதழில் முந்திவிட்டான். இவர் இன்னும் பன்னிரண்டில் நிற்கிறார், ஆனால் கோபத்தைக் காணோம். தேநீரும் ரொட்டியும் இரண்டு பேருக்கு என் பொறுப்பு. முறுக்கு இந்த ஆண்டு பிளாஸ்டிக் பையில்தான் போலிருக்கிறது.

அடுத்து லிஃப்ட் பழுதுபார்க்க ஆள் வருகிறார்களாம். அறிவிப்பை இருவரும் சேர்ந்து எழுதுகிறார்கள். நேற்று எட்டிப் பார்த்தேன், இரண்டாம் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. எந்த நாள், எத்தனை மணிக்கு என்று கேட்டேன். இருவரும் ஒன்றாக நிமிர்ந்து பார்த்தார்கள். இன்னும் அந்தப் பத்திக்கு வரவில்லையாம்.